வராமல் போன பனெத்தோனே

யோகராணிக்கு ஐம்பத்தொன்பது வயது. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்று மாடி வீட்டின் நடுத்தட்டில் மகள் நிரோஜாவோடு இருக்கிறாள். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. பனி தொடங்கினால் சித்திரை வரைக்கும் அதில் ஏறி இறங்குவதே ஒரு தனி வேலை. காலை ஏழு மணிக்கு அவள் ஒரு கார்தெரியின் குசினியில் நிற்பாள். வேலைக்குப் போகும் தாய் தகப்பன்மார் அங்கே விட்டுச் செல்லும் அறுபது குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து, பாத்திரம் கழுவி, மூன்றரைக்கு வீடு திரும்புவாள். பதினெட்டு வருடமாக இதே வேலை.

பிரெஞ்சு வகுப்புக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று வயதுக் குழந்தைகளுக்குச் சொல்கிற பிரெஞ்சு. வா, இரு, கை கழுவு, எங்கே நோகுது, இன்னும் பத்து நிமிடம். ‘பொறு’ என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல் காதில் அச்சொட்டாக ‘அத்தான்’ என்றே விழும். சேர்ந்த முதல் வாரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

“இஞ்சேருங்கோ, அங்க வேலை செய்யிற பொம்பிளையள் நாள் முழுக்க அத்தான், அத்தான் எண்டு கத்துறாளவை.”

அருளம்பலம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “நீர் ஒருநாளாவது என்னை அப்பிடிக் கூப்பிட்டனீரோ?” என்று கேட்டார்.

அவருக்கும் சமையல் சம்பந்தமான வேலைதான். நாலு தெரு தள்ளி இத்தாலியர்களின் பேக்கரி ஒன்று இருந்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைக் கணக்கப்பிள்ளையாக இருந்த மனிதர் இங்கே பதினொரு வருடம் அந்த அடுப்பங்கரையில் நின்றார். ஐப்பசி பிறந்தால் அங்கே வேறொன்றுக்கும் இடமில்லை, எல்லாம் பனெத்தோனேதான். தலை உப்பி உயர்ந்து நிற்கும் இனிப்புப் பாண் அது. ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து, பிசைந்து, திரும்பவும் பொங்க வைத்து, முட்டை மஞ்சளும் வெண்ணெயும் முந்திரிகை வற்றலும் சீனியில் ஊறிய தோடம்பழத் தோலும் சேர்த்து, மூன்று நாள் மினக்கெட்டுச் செய்வார்கள். யேசு பிறந்த நத்தார் நாளுக்கு அது இல்லாத இத்தாலிய வீடு கிடையாது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூன்று மொழியில் அச்சடித்த ஒரு தாள் இருக்கும். அதிலிருக்கும் கதையை அருளம்பலம் சின்ன நிரோஜாவுக்குச் சொல்லுவார். மிலானில் ஒரு பிரபுவின் வீட்டில் நத்தார் விருந்து, சமையல்காரன் இனிப்பைக் கருக்கிவிட்டான், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, தோனி என்ற எடுபிடிப் பையன் மிஞ்சிய மாவில் தனக்காகச் செய்து வைத்திருந்த பாணைக் கொண்டுவந்து கொடுத்தான், பிரபு உருசி பார்த்துவிட்டுப் பெயர் கேட்டார், “தோனியின் பாண்” என்றார்கள், அதுதான் பனெத்தோனே.

“பொய்,” என்று அதையும் அவரே சொல்லுவார். “கார்மினே சொல்லுறான், பெட்டி விக்கிறதுக்குக் கட்டின கதையாம். பெரிய பாண் எண்டதுதான் அந்தப் பேரின்ர அர்த்தம். முந்தி அங்க பணக்காரனுக்கு ஒரு பாண், ஏழைக்கு வேற பாணாம். நத்தாரில மட்டும்தான் எல்லாருக்கும் ஒரே பாண். அதில வந்ததாம் இது.”

அவருக்கு அதில் மிகவும் பிடித்தது ‘பாண்’ என்ற சொல்தான். யாழ்ப்பாணத்திலும் பாண், இத்தாலியிலும் ஏறக்குறையப் பாண் என்று பார்க்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கார்மினே அவருக்கு மேலாள். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாக்காரன். தன்னுடைய ஊரில் இந்தப் பலகாரமே கிடையாது, மொன்றியலுக்கு வந்துதான் முதல்முதல் தின்றேன் என்று சொல்லிச் சிரிப்பானாம். யோகராணி அவனை ஒரே ஒரு தடவை, செத்த வீட்டில்தான் கண்டாள்.

2013 மார்கழி பத்தொன்பதாம் திகதி, வியாழக்கிழமை. விடிய ஐந்தரைக்கு அருளம்பலம் வேலைக்கு வெளிக்கிடும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

“நெஞ்சு அடைக்கிற மாதிரிக் கிடக்குதப்பா.”

“இராத்திரி அந்தக் கொத்து ரொட்டியைச் சாப்பிட வேண்டாம் எண்டு சொன்னனான். வாயுதான்,” என்று யோகராணி ஓமத்தை அவித்துக் கொடுத்தாள். அவர் குடித்தார். வயிற்றுக்குள்ளிருந்து ஏவறை ஒன்று வந்தது. “பாத்தீங்களே?” என்றாள். அவர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

பத்தரை மணிக்கு கார்தெரிக்கு அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார் டொக்டர். வேலை செய்துகொண்டு நின்றவர் திடீரென்று விழுந்துவிட்டார் என்று பேக்கரிக்காரர் சொன்னார்கள். காலையில் ஏதாவது சொன்னவரா என்று டொக்டர் கேட்டதை நிரோஜா தமிழில் திருப்பிக் கேட்டாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. யோகராணி இல்லையென்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலோடுதான் பதினொரு வருடம் வாழ்ந்தாள். தான் அன்றைக்கு அவரைப் போகவேண்டாம் என்று மறித்திருந்தால், ஒரு டாக்சியைக் கூப்பிட்டிருந்தால் என்ற நினைப்பு வராத நாள் இல்லை. அது வரும்போதெல்லாம் கையில் பிடிக்க அவளுக்கு ஒரேயொரு கயிறு இருந்தது: ஆறிலிருந்து பத்து மணி வரைக்கும் அவர் வேலை செய்திருக்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் காலையில் வந்த நோ ஓமத்தோடு போயிருக்கவேண்டும். பிறகு வந்தது வேறு. அது சொல்லாமல் கொள்ளாமல் வந்தது, அதற்கு யார் என்ன செய்வது? இந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் அவள் நித்திரை கொண்டாள், எழும்பினாள், மகளைப் படிப்பித்தாள்.

அவர் செத்த அடுத்த வருடம் மார்கழி நடுப்பகுதியில் வாசல் மணி அடித்தது. பேக்கரியின் வான் வண்டியில் வந்த ஒருவன் ஒரு பனெத்தோனேப் பெட்டியைக் கையில் தந்து, “ஜொயே நொயேல், மதாம்” என்று நத்தார் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். நீலப் பெட்டி, சிவப்பு நாடா. பெயரோ கடிதமோ இல்லை.

“என்ர மனிசனைக் குடுத்திட்டு இவங்களிட்டைக் கேக் வாங்கிறதே?” என்று யோகராணி அதைக் கதவுக்கருகிலேயே வைத்தாள். சாப்பாட்டுச் சாமானைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. மூன்று நாள் அங்கேயே கிடந்தது. பிறகு கீழ் வீட்டு ஹெயிற்றிக் குடும்பத்துக்குக் கொடுத்தாள்.

அதற்கடுத்த வருடமும் வந்தது. அதற்கடுத்த வருடமும். ஒருமுறை நிரோஜா பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வெட்டிவிட்டாள். யோகராணி பட்ட கோபத்தில் அந்தப் பிள்ளை வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு அழுதது. பிறகு இருவரும் அழுதார்கள். ஆனாலும் மார்கழி பத்தாம் திகதி கடந்தால் யோகராணியின் காது வாசல் மணியிலேயே இருக்கும். அவரோடு கூடப் பிறந்தவர்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். முதல் மூன்று திவசத்துக்கு வந்தார்கள், பிறகு தொலைபேசி, பிறகு அதுவும் இல்லை. அருளம்பலம் என்று ஒருவர் இருந்தார், இந்த மாதத்தில் செத்துப்போனார் என்பதை மறக்காமல் வைத்திருந்தது அந்த நீலப் பெட்டி மட்டும்தான். அதைத் திட்டிக்கொண்டே அவள் காத்திருந்தாள்.

2024 மார்கழியில் பெட்டி வரவில்லை. பத்தொன்பதாம் திகதி கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றிவிட்டு வந்து, வாசலில் பார்த்தாள். பனிதான் கிடந்தது. அடுத்த நாள் கார்தெரியில் இரண்டு தடவை சூப்பை அடிப்பிடிக்க விட்டாள். சனிக்கிழமை காலை நிரோஜாவுக்குச் சொல்லாமல் உடுத்திக்கொண்டு பேக்கரிக்கு நடந்தாள். அவர் செத்த பிறகு அந்தத் தெருவால் அவள் போனதேயில்லை.

கடையில் சனம் முட்டி வழிந்தது. கூரை வரைக்கும் நீலப் பெட்டிகள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், கணவர் பெயரையும் ‘ஒவ்வொரு வருடமும்’ என்பதையும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். காசுமேசையில் நின்ற பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளியின் மகன் வந்தான். நாங்கள் யாருக்கும் பெட்டி அனுப்புகிற வழக்கம் இல்லையே என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். யோகராணிக்கு முகம் எரிந்தது. பிச்சை கேட்டு வந்தவள் மாதிரி நிற்கிறேனே என்று திரும்பி நடந்தவளை, பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு நின்ற ஒரு வயதான பெண் வெளிவாசல் வரைக்கும் துரத்தி வந்து கையைப் பிடித்தாள். றோஸ்லீன் என்று பெயர். அருளம்பலத்தோடு ஒன்றாக வேலை செய்தவள்.

“கார்மினே,” என்றாள் றோஸ்லீன். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கையாலும் காட்டிச் சொன்னாள். பெட்டியைப் பேக்கரி அனுப்பவில்லை. கார்மினேதான் வருடாவருடம் தன் காசில் வாங்கி வான்காரனிடம் கொடுத்துவிடுவான். வேலையை விட்டு நின்ற பிறகும் மார்கழியில் வந்து வாங்குவான். ஐப்பசியில் அவனுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. இப்போது செயின்ட்-லெயோனார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறான். ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் சரியில்லை.

யோகராணிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. மேலாள் ஒருவன் தனக்குக் கீழ் வேலை செய்தவனின் வீட்டுக்குப் பத்து வருடம் பெயர் போடாமல் ஏன் அனுப்பவேண்டும்? நல்ல சிநேகிதமாக இருந்திருப்பார்கள் என்று நினைத்தாள். அப்படியான ஒரு மனிதனைப் பத்து வருடம் திட்டியிருக்கிறேனே என்று வெட்கப்பட்டாள். அன்று பின்னேரமே மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, “நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. ஒரு மெர்சி சொல்லிப்போட்டு வருவம்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார்கள். யோகராணி தோடம்பழம் வாங்கியிருந்தாள். கார்மினே ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். செத்த வீட்டில் கண்டபோது வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஆளுக்கு, இப்போது தோள் இரண்டும் சட்டைக்குள் காணாமல் போயிருந்தன. நிரோஜா குனிந்து, “நாங்கள் அருளின் குடும்பம்” என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து யோகராணியைப் பார்த்தார். வாய் கோணியது. அழுகிறாரா, பேச வருகிறாரா என்று தெரியவில்லை. பிறகு பேசினார். பக்கவாதம் அவருடைய வசனங்களையெல்லாம் தின்றுவிட்டு ஒற்றைச் சொற்களை மட்டும் மிச்சம் விட்டிருந்தது. மூன்று வயதுக் குழந்தை பேசுகிற மாதிரியான சொற்கள். யோகராணிக்கு அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

“அருள்,” என்றார். நல்ல கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். “நோகுது. இங்கே.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “வீடு. வீட்டுக்கு. நான்...” கையைத் தூக்கி உள்ளங்கையை அப்படியே கீழ்ப்பக்கம் கவிழ்த்துக் காட்டினார். ஒருதரம், இன்னொருதரம்.

அந்தக் கவிழ்ப்பும் அவளுக்கு விளங்கியது. அருளம்பலம் எத்தனையோ தடவை அதே மாதிரிக் கையைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். பனெத்தோனே அடுப்பிலிருந்து வந்த உடனே அடியில் கம்பியைக் குத்தித் தலைகீழாகத் தொங்கவிடவேண்டும். அவ்வளவு வெண்ணெயும் முட்டையும் போட்ட பாண், சூட்டோடு நிமிர்த்தி வைத்தால் தன் பாரம் தாங்காமல் உள்ளே இடிந்துவிடும். சுணங்க ஏலாது. ஒரு தட்டம் வெளியே வந்தால் முழுவதையும் கவிழ்த்து முடிக்கும் வரை யாரும் அசையக்கூடாது.

“நான் சொன்னேன்,” என்றார் கார்மினே. “பொறு. பத்து நிமிடம்.”

அத்தான். தி மினுட்.

“பத்து நிமிடம்,” என்றார் திரும்பவும். “அவன் செய்தான். எல்லாம் செய்தான். பிறகு கீழே இருந்தான். பிறகு...” நல்ல கண்ணிலிருந்து வழிந்தது. “மன்னிப்பு,” என்று யோகராணியின் பக்கம் கையை நீட்டினார்.

நிரோஜா நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோகராணி மகளைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

“என்னவாம் பிள்ளை?”

நிரோஜா தாயின் பக்கம் திரும்பினாள். “அப்பா நல்ல மனுசனாம் அம்மா. நல்லா வேலை செய்வாராம். கடைசி வரைக்கும் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டவராம்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒரு கஷ்டமும் படேல்லையாம். டக்கெண்டு போட்டாராம். அதுதான் சொல்லுறார்,” என்றாள்.

“ஓம், பாவம்,” என்றாள் யோகராணி. தோடம்பழப் பையை மேசையில் வைத்தாள். நீட்டிய கையை அவள் தொடவில்லை. “மெர்சி, மிஸ்யூ” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

காரில் ஏறினார்கள். பிள்ளை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு ஓட்டியது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, “அம்மா, பசிக்குதோ? திம் ஹோர்ட்டன்ஸில ஏதும் வாங்கட்டோ?” என்று கேட்டது. “வேண்டாம், வீட்டில சோறு கிடக்கு,” என்றாள் யோகராணி. தாய் தாங்கமாட்டாள் என்று மகள் நினைத்து மறைத்ததைத் தாய் கண்டுபிடித்துவிட்டாள் என்று மகளுக்குத் தெரிந்தால், அந்தப் பிள்ளை என்னாகும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து யோகராணியின் கயிறு அறுந்துவிட்டது. அவர் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கும் நோ இருந்திருக்கிறது. ஓமத்தால் ஒன்றும் போகவில்லை. வீட்டில் சொன்னார், பெண்சாதி வாயு என்றாள். வேலையில் சொன்னார், மேலாள் பொறு என்றான். இரண்டு இடத்திலும் அந்த மனிதர் சொல்வதைக் கேட்டு நடந்தார். கடைசிப் பாண் வரைக்கும் கவிழ்த்துவிட்டுத்தான் கீழே இருந்தாராம். சங்கக்கடையிலும் அப்படித்தான், கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

கார்மினேயில் கோபப்படப் பார்த்தாள். முடியவில்லை. அவர் பத்து நிமிடம்தானே கேட்டார்? அவள் போகவிட்டது ஒரு முழு நாள் வேலைக்கு. அவரோ பத்து வருடம் பெட்டி அனுப்பினார். அவள் டொக்டருக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு, விதவை என்று எல்லோரும் காட்டிய இரக்கத்தையும் வாங்கிக்கொண்டு இருந்துவிட்டாள். இதை ஒரு மனிதருக்காவது சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று தை மாதம் முழுக்கத் திரிந்தாள். நிரோஜாவுக்குச் சொல்ல முடியாது. கோயிலில் ஐயருக்கு முன்னால் நின்றாள். அவர் நட்சத்திரத்தைக் கேட்டார். சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

மாசி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, வேலை முடிந்து நேரே பஸ் ஏறி செயின்ட்-லெயோனார்ட்டுக்குப் போனாள். கார்மினே இப்போது கட்டிலோடுதான். அவளைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிரெஞ்சில் தொடங்கினாள். ‘காலையில்’ என்றாள். ‘நான்’ என்றாள். அதற்கு மேல் சொல் இல்லை. குழந்தைகளுக்குச் சொல்கிற பிரெஞ்சில் இதற்குச் சொற்கள் இல்லை. பிறகு அவள் தமிழில் கதைக்கத் தொடங்கினாள்.

“ஐயா, அவர் காலமையே என்னட்டச் சொன்னவர். நெஞ்சடைக்குது எண்டு சொன்னவர். நான்தான் ஓமத்தைக் குடுத்துப் போகவிட்டனான். நீங்கள் மட்டும் இல்லை, ஐயா. முதல் நான். டொக்டர் கேக்கவும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். என்ர பிள்ளைக்கும் சொல்லேல்லை. நான் என்ன செய்ய, சொல்லுங்கோ? நான் என்ன செய்ய?”

அவளுக்கு அழுகை வந்தது. பதினொரு வருடத்தில் இப்படி ஒருநாளும் வராத அழுகை, வாய்விட்டு, ஒரு தாதி எட்டிப் பார்க்கும் அளவுக்கு. கார்மினே அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நல்ல கை மெல்ல நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்தது. முகம் இளகியது. பிறகு, தெளிவாக, “மெர்சி” என்றார். “மெர்சி, மதாம். கிறாட்சியே.”

யோகராணிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவள் மன்னித்துவிட்டாள் என்று அவர் நினைத்துவிட்டார். மன்னிப்புச் சொல்லத்தான் இந்தப் பெண் பனிக்குள் தனியாக வந்திருக்கிறாள், அதற்காகத்தான் இப்படி அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். இல்லை என்று சொல்ல அவளிடம் ஒரு சொல் இருந்தது, ‘நொன்’. கார்தெரியில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல். கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். அவள் அதைச் சொல்லவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அவர் அப்படியே கண்ணை மூடி நித்திரையாகிவிட்டார். அவள் ஜக்கெட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் முக்கால் மணித்தியாலம் நின்றாள். வந்த முதல் பஸ்ஸை விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

பங்குனிக் கடைசியில் றோஸ்லீன் தொலைபேசி எடுத்தாள். கார்மினே போய்விட்டார். நித்திரையில் போனாராம், கடைசி மாதம் நல்ல அமைதியாக இருந்தாராம். செத்த வீட்டுக்கு யோகராணி போகவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நிரோஜாவிடம் சொன்னாள். பிள்ளை கரண்டியை வைத்தது.

“பாவம்,” என்றது. பிறகு தாயின் முகத்தைப் பார்க்காமல், “அம்மா, அண்டைக்கு அந்த மனுசன் சொன்னது...” என்று தொடங்கியது.

யோகராணியும் கரண்டியை வைத்தாள். சொல், சொல்லிவிடு, நானும் சொல்லிவிடுகிறேன் என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. மகளின் கண் கலங்கியிருந்தது. தகப்பனின் மூக்கு, தகப்பனின் நெற்றி. அந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கத் தொடங்கும் என்று யோகராணி ஒருதரம் நினைத்துப் பார்த்தாள்.

“அதுதான் நீ சொன்னியே பிள்ளை, அப்பா கஷ்டப்படேல்லை எண்டு,” என்றாள். “எனக்கு அது காணும். நீ சாப்பிடு.”

“ஓம் அம்மா,” என்றது பிள்ளை.

இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். நிரோஜா தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். யோகராணி மிச்சச் சோற்றைக் கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டு, கையைத் துடைக்கவும் மறந்து மேசையருகில் அப்படியே இருந்தாள்.